ஸ்க்ரூவின் மேல் சிவப்புப் பொட்டு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது லேப்டாப்பில் புது ஓ.எஸ். ஏறிக்கொண்டிருந்தது. பழையதற்கு இனி அப்டேட் வராது என்று பல வாரமாகத் திரையில் எச்சரிக்கை. இன்றைக்கு வேலை இல்லையே என்று ஏற்றிவிட்டேன். மேசையில் திறந்தபடி, சார்ஜரில் வைத்துவிட்டுப் போனேன்.

எங்கள் கம்பெனியில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்கள். வெல்டிங் மிஷின், கிரைண்டர், பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கட்டி முடித்த பஸ் ஒன்றுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "உன்ற கம்ப்யூட்டர் எங்க கண்ணு? அதுக்கும் ஒரு பொட்டு வெக்கோணுமல்ல?" என்றார். நான் வேலை செய்வது என் சொந்த லேப்டாப்பில், அது வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

இன்னும் கட்டாத பஸ்ஸைத் திரையில் கட்டிக் காட்டுவதுதான் என் வேலை. பஸ் வாங்குகிறவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து நிறம், கண்ணாடி, சீட்டு என்று சொல்வார். 15ஆம் தேதி முசிறிக்காரர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் எனக்கு நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் இந்த வேலையை முன்போலக் கோயம்புத்தூர் ஸ்டுடியோவுக்கே கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அப்புறம் நான் எதற்கு?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா சாமி முன்னால் வரிசை வைத்திருந்தாள். அப்பாவின் தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை. எல்லாவற்றுக்கும் முன்னால், நடுவில், மூடிய என் லேப்டாப். மூடியில் சந்தனம், பெரிய குங்குமப் பொட்டு. அதன் மேலேயே ஒரு வாழையிலைத் துண்டில் பொரியும் கடலையும். சார்ஜர் வயரை அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். பூஜையில் வைத்ததை நாளை மறுபூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது. பரவாயில்லை. அம்மா எடுத்து வைப்பதற்குள் ஏறி முடிந்திருக்கும்.

அக்காவும் பூபதி மாமாவும் வந்து பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். மாமாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன், லேப்டாப் சர்வீஸ் கடை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா இன்னும் அவர் முன்னால் வந்து நிற்பதில்லை, நேராகப் பேசுவதும் இல்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளைக்குக் காப்பியா டீயான்னு கேளு" என்பாள். நான் கேட்பேன். அவர் என்னிடம் சொல்வார். அது அவள் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூஜை முடிந்து எடுத்தேன். பேட்டரி சுத்தமாகக் காலி. சார்ஜரில் போட்டதும் தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடி அணைந்து, கடைசியில் புது முகப்போடு வந்தது. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. உள்ளே ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது.

முசிறி பஸ்ஸைத் திறந்தேன். மவுஸை நகர்த்தினால் பஸ் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. தத்தித் தத்தி, பாதி திரும்பி, நின்றுவிட்டது.

இந்த லேப்டாப்பில் படம் வரைய இரண்டு பேர். பிராசஸருக்குள்ளேயே குடியிருக்கும் சின்னவர் ஒருவர். தனி சிப்பாக இருக்கும் பெரியவர் ஒருவர். சாதாரண வேலைக்குச் சின்னவர் போதும். கனமான வேலை வந்தால் பெரியவர் எழுந்திருப்பார். பஸ் எல்லாம் பெரியவர் வரைவது. இப்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால், சின்னவர் இருந்த இடத்தில் பெயரில்லாத யாரோ இருக்கிறார். பெரியவரைக் காணவே காணோம்.

அக்டோபர் 3, வெள்ளி

கம்பெனியில் கணக்குப் பார்க்கும் ஷகிலாக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் உடனே கேட்டார்:

"எங்கியாச்சும் சர்வீசுக்குக் குடுத்தியா?"

"ஆகஸ்ட்ல கீபோர்டு மாத்தக் கொடுத்தேன்க்கா."

"அப்ப முடிஞ்சுது போ. நல்லதைக் கழட்டிக்கிட்டு ஒண்ணுத்துக்கும் ஆகாததை மாட்டி விட்டுருவானுங்க. எங்க அண்ணன் போன்ல கேமராவையே மாத்திட்டான் ஒருத்தன். நிலாவப் புடிச்சா தோசை மாதிரி தெரியும். யாரு கடை?"

"தெரிஞ்சவங்க கடைதான்."

"தெரிஞ்சவங்கதான் செய்வாங்க. தெரியாதவன்னா நாம பக்கத்துலயே நின்னுக்குவோமில்ல?"

யார் கடை என்று நான் சொல்லவில்லை. கீபோர்டு மாற்றிய பிறகும் பஸ் நன்றாகத்தான் சுற்றியது என்பது ஞாபகம் இருக்கிறது. அதையும் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

சாப்பிடும்போது அப்பாவிடம், "உள்ள இருந்து யாரோ ஒரு பார்ட்டை எடுத்துட்டாங்களோன்னு இருக்கு" என்றேன். அப்பா, "உன்ற மிஷினு பத்தி நமக்கென்ன சாமி தெரியும்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

அம்மா ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். "யாரு மேலயும் பழி போடாத கண்ணு" என்றாள். நான் யார் பெயரையும் சொல்லவே இல்லை. சிந்தியதைத் துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளைகிட்டயே காட்டேன்" என்றாள்.

அம்மா ஏன் அவரிடமே கொடுக்கச் சொல்கிறாள்? தெரியவில்லை. ஆனால் அது எனக்கு வசதி.

லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். திறந்தால் பொட்டு உடையும். நான் யாரையும் சந்தேகப்படவில்லை. சரிபார்க்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

கடையில் கூட்டம். மாமா கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு போனைக் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வா இந்து. டீ சொல்லட்டா?"

"வேண்டாம் மாமா. பெரிய கிராபிக்ஸ் வேலை செய்யல. என்னன்னு பாருங்க."

"ஓ.எஸ். மாத்துனியா? அப்ப அதை ஓட்டற டிரைவர் சாப்ட்வேர்ல குழப்பமாத்தான் இருக்கும். பாஸ்வேர்டு சொல்லிட்டுப் போ, பாத்து வெக்கறேன்."

"அப்புறம் சொல்றேன் மாமா. சும்மா பாருங்க."

"பாஸ்வேர்டு இல்லாம சும்மா என்னத்தப் பாக்கறது? மேல தட்டிப் பாக்க அது தேங்காயா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாஸ்வேர்டு சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லைப்புறத்தில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். சித்தி என்றாள். சித்தியிடம் அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

அக்டோபர் 6, திங்கள்

முதலாளி கேட்டார். "நல்லா வந்துட்டிருக்குதுங்க" என்று சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மாமாவே கொண்டுவந்து கொடுத்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். எல்லாப் பொட்டும் உடைந்திருந்தது.

"திறந்தீங்களா மாமா?"

"தூசி இருந்துச்சு. தட்டி விட்டேன்."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்துச் சொன்னார். கதவுக்குப் பின்னால் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்குது. சாப்ட்வேர்தான். என்ன பண்ணணும்னு வாய்ஸ் அனுப்பறேன், அதுபடி போடு."

"மாப்பிள்ளைக்குக் காப்பியா டீயான்னு கேளு." அம்மாவின் குரல்.

"எதுவும் வேண்டாம்னு சொல்லு" என்று அவர் போய்விட்டார்.

போட்டுப் பார்த்தேன். பெரியவர் வரவில்லை. ஆனால் ஃபேன் சத்தம் சுத்தமாக இல்லை. திறக்கச் சொல்லாமலே திறந்திருக்கிறார். போகும்போது இருந்த சத்தம் வரும்போது இல்லை. அப்படியென்றால் உள்ளிருந்து எதையோ எடுத்திருக்கிறார்.

அக்டோபர் 8, புதன்

அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஆரம்பத்தில் கொஞ்சம் கேட்டேன். "முதல்ல சின்னதுக்குப் போடு இந்து…" என்று தொடங்கியது. போனது பெரியவர். சின்னவருக்கு ஏன் போட வேண்டும்? காரணம் வேறு பக்கம் இருப்பதாக என்னை நம்பவைக்கப் பார்க்கிறார். அதோடு நிறுத்திவிட்டேன்.

சிப் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து பெரியவருக்கு இருப்பதிலேயே புதிய டிரைவரை இறக்கி ஏற்றினேன். பாதியில் திரை கறுத்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து எழுப்பினேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி கறுத்தது. கறுத்த திரையில் என் முகம் நன்றாகத் தெரிந்தது.

அக்டோபர் 9, வியாழன்

அக்காவுக்குப் போன் செய்தேன். சண்டை போட இல்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

"மாமா கடையில வேற யாராச்சும் வேலை பாக்கறாங்களாக்கா?"

"இல்லியே, அவரு ஒருத்தருதான். எதுக்குக் கேக்கற?"

"சும்மா. கழட்டுன பார்ட்ஸையெல்லாம் எங்க வைப்பாரு?"

அக்காவுக்குப் பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"இந்து, நீ என்ன கேக்கறேன்னு உனக்குத் தெரியுதா?"

"சும்மாதான்க்கா கேட்டேன்."

வைத்துவிட்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி

அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "என்னடி சொன்ன அவகிட்ட?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

கேஸ் புக் செய்ய அம்மாவின் போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, நான் கடையிலிருந்து வந்த அந்த நேரம். சித்தி இல்லை. பூபதி மாப்பிள்ளை. அம்மாதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஒரு வாய்க் காப்பிக்கே என்னை நடுவில் வைத்துப் பேசுகிறவள். அவரிடம் நேராகப் பேச அவளுக்கு அப்படி என்ன இருந்தது? இரண்டு பேருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியக்கூடாது.

ஒருவேளை அந்த சிப்பை எடுத்ததே அம்மாவுக்குத் தெரியுமோ? கடை மந்தமாக இருக்கிறது என்று அக்கா ஆடியில் சொன்னாள். மூத்த மகள் வாழ வேண்டும் என்று… இதை எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

முதலாளி திரையைக் காட்டச் சொன்னார். பஸ் தத்தியதைப் பார்த்தார். "கட்டாத பஸ்ஸுக்கே கிளட்ச் போயிருச்சா கண்ணு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "புதன்கிழமை காலையில இது ஓடோணும். இல்லீன்னா நான் கோயம்புத்தூருக்குப் போனைப் போட்டுருவேன். பெத்தவங்க கஷ்டப்பட்டுப் படிக்க வெச்ச புள்ளன்னுதான் இத்தன நாள் பொறுத்தேன்."

மத்தியானம், என் லேப்டாப் மாடலின் அடிப்பலகையைப் பிரித்து வைத்த படம் ஒன்று கிடைத்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய சிப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நினைத்தபோது கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற பொருள் இல்லை அது. அதை எடுத்தால் லேப்டாப்பே எழுந்திருக்காது.

அப்படியென்றால் அவர் எடுத்தது என்ன?

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா தனியாக வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏண்டி, என்ற புருசன் திருடனாடி?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வாயால சொன்னாத்தானா? ஸ்க்ரூவுக்கெல்லாம் பொட்டு வெச்சு அனுப்பியிருக்க. என்ற கண்ணாலத்துல எனக்கே அத்தன பொட்டு வெக்கல நீங்க."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. திறப்பதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வாங்கி மறுபடி வைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வைக்கவில்லை.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் திணித்தாள். கடையில் ஸ்க்ரூ போட்டு வைக்கிற உறை. அதற்குள் உடைந்த பொரி. அரைப் பொட்டுக்கடலை ஒன்று. எல்லாவற்றிலும் குங்குமச் சிவப்பு.

"இதைத்தான் எடுத்தாரு. ஃபேனுக்குள்ள சிக்கிக் கிடந்துச்சாமா. இதுக்கு மேல நான் சொன்னா அவரு என்னைய வைவாரு. வாக்குக் குடுத்திருக்காராமா."

"யாருக்கு?"

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கையில் மாவு.

"நாந்தாங் கண்ணு மூடுனேன்."

"எதைம்மா?"

"இந்த வீட்ல ஆயுதம்னா உங்கப்பன் மிஷினுங் கத்திரியுந்தான். இந்த வருசம் உன்றதும் இருக்குதேன்னு முன்னால வெச்சேன். கட்டத்துக்குள்ள என்னமோ சுத்திக்கிட்டே இருந்துச்சு. சாமிக்கு வெக்கறப்ப ஆயுதம் ஓடக்கூடாதல்லோ? மூடிப்போட்டு, வயரைப் புடுங்கி வெச்சேன். மறுநா எலையை எடுக்கையில சாஞ்சு பொரி சந்துக்குள்ள போயிருச்சு. தட்டுனேன், வரல. அப்புறம் நீ அது வேல செய்யலங்கற. உனக்கு வேல போயிருமோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அதான் மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டு, உன்கிட்டச் சொல்லாம எடுத்துருங்கன்னு கேட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ எங்க எங்ககிட்டப் பேசற?"

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைக்குத் தண்ணி வரவில்லை என்பதுபோல் சொன்னாள்.

அக்கா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "அத்தை பேசறாங்கன்னு தெரிஞ்சதும் இவரு ஸ்டூலை விட்டு எந்திரிச்சு நின்னுட்டாராமா. போனை வெச்சப்புறந்தான் உக்காந்தாராம். கடைக்கு வந்தவங்கெல்லாம் போலீசுல இருந்து போன் வந்திருக்குதுன்னு நெனச்சுக்கிட்டாங்களாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவிடம் கோபப்பட எனக்குக் காரணம் இருந்தது. அந்தத் திரையில் சுற்றுவது என்ன, அதை ஏன் நிறுத்தக்கூடாது என்று ஒரு நாளும் அவளுக்குச் சொன்னதில்லை என்பதும் இருந்தது. வேலைக்குப் போகிறேன் என்பேன். என்ன வேலை என்று சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை எழுதியதை அடித்துவிடலாம் என்று எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

கம்பெனிக்கு லீவு சொன்னேன். வாய்ஸ் மெசேஜை முழுதாகக் கேட்டேன்.

"முதல்ல சின்னதுக்குப் போடு இந்து. பெருசு எவ்வளவு வரைஞ்சாலும் திரைக்குப் போற வயரு சின்னதுகிட்டத்தான் இருக்குது. சின்னது வழியாத்தான் வெளிய வரோணும். பாதியில நின்னதுல சின்னதோட டிரைவர் போயிருச்சு. அதான் பெருசும் தலைகாட்டல. ரெண்டையும் கழட்டிப்போட்டு, லேப்டாப் செஞ்ச கம்பெனி சைட்ல உன்ற மாடலுக்குன்னு இருக்கறதை எடு. சிப் கம்பெனியோட புதுசு வேண்டாம், கறுத்துரும். முதல்ல சின்னது, ரீஸ்டார்ட். அப்புறம் பெருசு, ரீஸ்டார்ட். பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம். நீயே பண்ணிக்கலாம், உனக்கு வரும்."

பாதியில் நின்றது என்று அவர் சொல்லியே இருக்கிறார். எப்படி நின்றது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதன்படி செய்தேன். நடுவில் ஒருமுறை திரை கறுத்தது. பவர் பட்டனுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, "தொடாத, தொடாத" என்றாள். திரை திரும்பி வந்தது. எழுத்து சின்னதானது. சின்னவர் தன் பெயரோடு இருந்தார். அடுத்த ரீஸ்டார்ட்டில் பெரியவரும் வந்தார்.

கடைசியாக, பஸ் வரைகிற சாப்ட்வேருக்குப் பெரியவரைத்தான் எழுப்ப வேண்டும் என்று செட்டிங்ஸில் சொல்லி வைத்தேன். பஸ்ஸைத் திறந்து மவுஸை நகர்த்தினேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி சுற்றியது. பின் கண்ணாடியில் எழுதிய பெயர் பளபளத்தது.

"இது நீ கட்டுனதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"கதவு தொறக்குமா?"

திறந்து காட்டினேன். உள்ளே சீட்டுக்கு நடுவில் அவளை நடத்திக்கொண்டு போனேன். கடைசி சீட்டு வரை வந்தாள்.

அக்டோபர் 15, புதன்

முசிறிக்காரர் ஒல்லியான மனிதர். உட்காரவே இல்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வேற எவனோ கட்டுன பஸ்ஸு போட்டோதானே?" என்றார்.

பஸ்ஸைத் திருப்பினேன். பக்கவாட்டைக் காட்டி, பின்பக்கம் காட்டி, அடியில் ஆக்சில் வரை காட்டினேன். பச்சையை நீலமாக்கினேன். மறுபடி பச்சை.

"படிக்கட்டை ஒரு சாண் எறக்க முடியுமா? வயசானவங்க ஏறோணும்."

இறக்கினேன். அவர் குனிந்து, தன் கையால் திரையில் சாண் போட்டுப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

முதலாளி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஷகிலாக்காவிடம் போய், "இந்தப் புள்ள பேரை ரெஜிஸ்டர்ல ஏத்திருங்க" என்றார். ஷகிலாக்கா என்னைத் தனியாக இழுத்து, "என்னாச்சு? அந்தக் கடைக்காரனைப் புடிச்சுக் கேட்டியா?" என்றார்.

"எங்க மாமா கடைக்கா அது. அவருதான் சரி பண்ணச் சொல்லிக்கொடுத்தாரு."

ஷகிலாக்கா நம்பிய மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அக்காவும் மாமாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் முன்னால் நின்றதும், "ஃபேன்ல லேசா ஒரு சத்தம் வருது மாமா" என்றுதான் வந்தது. லேப்டாப்பையும் பாஸ்வேர்டு எழுதிய சீட்டையும் நீட்டினேன்.

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லேப்டாப்பைக் கூடத்தில் பாய் மேலேயே கவிழ்த்து வைத்து, பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். உடைந்த சிவப்புப் பொட்டுகள் இன்னும் அப்படியே இருந்தன.

"நல்ல ஐடியா இது. நானும் இனிமே கஸ்டமர் முன்னாடியே ஒரு பொட்டு வெச்சுத்தான் வாங்கப்போறேன். என்ன கலருன்னு மட்டும் சொல்லு" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அடிமூடியைத் தூக்கினார். ஃபேன் ஓரத்தில் இன்னும் ஒரு பொரித் துண்டு ஒட்டியிருந்தது. அதை விரல் நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார்:

"உள்ள இன்னும் எத்தன படி பொரி போட்டிருக்காங்கன்னு அத்தைகிட்டக் கேளு."

நான் எழுந்தேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"ரெண்டு படிங்க மாப்பிள்ளை. நல்லாத் தேடிப் பாருங்க."

அக்கா வாயிலிருந்த முறுக்கு வெளியே தெறித்தது. மாமா சட்டென்று எழுந்து நின்றார். நின்ற பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தார்.

கழற்றிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் போட்டு, "பத்திரமா வெச்சிரு" என்றார். நான் எண்ணவில்லை என்று எழுதத்தான் ஆசை. எண்ணினேன். சரியாக இருந்தது.